கல்லீரல் சீழ்க்கட்டி: மருந்தே போதுமா, ஊசியா, குழாயா, அறுவையா?

ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்பவர் அல்லர். ஒரு வாரமாக மாலை வேளையில் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சாப்பாட்டில் நாட்டமில்லை, வலது விலாவுக்கு அடியில் ஒரு கனம். ஆழ மூச்சிழுத்தால் வலி தோள்பட்டை வரை ஏறுகிறது. டெங்கு, டைபாய்டு, மலேரியா ஆகிய மூன்றுக்கும் ரத்தம் கொடுத்து, மூன்றும் இல்லையென்று வந்த பிறகு, வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். கல்லீரலின் வலது மடலில் 6.5 செ.மீ. அளவில் சீழ்க்கட்டி என்று அறிக்கை வருகிறது. மருந்திலேயே கரைந்துவிடுமா, குத்தி எடுக்க வேண்டுமா, ஆபரேஷன் வரை போகுமா என்பதுதான் அப்போது குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி.

அறிக்கையில் உள்ள சென்டிமீட்டர் கணக்கே இதற்கு விடை சொல்லிவிடும் என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமன்றி மருத்துவர்கள் சிலரிடமும் இருக்கிறது. அளவு முக்கியம்தான், ஆனாலும் கட்டிக்குள் இருக்கும் கிருமி எது, அது எந்த வழியாகக் கல்லீரலை அடைந்தது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பின்னால்தான் அதற்கு இடம் என்பது என் கருத்து. கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கருத்தின் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இத்தனை வழிகள் நம்முன் இருப்பதே அண்மைக் காலத்து வசதி. 1938-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து அறுவை மருத்துவர்கள் ஆக்ஸ்னரும் டிபேக்கியும் தங்கள் நோயாளிகள் 47 பேரையும் அதுவரை பதிவான மற்றவர்களையும் ஆராய்ந்து எழுதியபோது, ஆன்டிபயாடிக் புழக்கத்துக்கு வரவில்லை. குடல்வால் அழுகி, அங்கிருந்து, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் வாயிற்சிரை வழியாகக் கிருமி மேலேறி, பெரும்பாலும் இளவயதினரைத் தாக்கிய நோய் அது. கத்தி வைத்துச் சீழை வெளியேற்றாவிட்டால் பிழைப்பது அரிது. 1953-இல் ஹாங்காங்கில் மக்ஃபாட்சியனும் அவருடைய சகாக்களும் வயிற்றைத் திறக்காமல், ஊசியால் சீழை உறிஞ்சி ஆன்டிபயாடிக் கொடுத்து, அடுத்தடுத்து வந்த 14 பேரையும் பிழைக்கவைத்ததாக எழுதினார்கள். கட்டி எங்கே என்று கண்ணால் பார்க்க ஸ்கேன் இல்லாத காலம் என்பதால் அந்த வழி உடனே பரவவில்லை. அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் வந்த பிறகே ஊசி, கத்தியின் இடத்தைப் பிடித்தது.

நம் பகுதியில் முதலில் தீர்க்க வேண்டியது இது பாக்டீரியாக் கட்டியா, அமீபாக் கட்டியா என்பது. வட இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணப் பகுதியில், பனங்கள் அருந்தும் ஆண்களிடம் அமீபாக் கட்டி மிகுதியாகக் காணப்படுவது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் நடுத்தர வயது ஆண், குடிப்பழக்கம், வலது மடலில் ஒற்றைக் கட்டி என்றால் மருத்துவரின் மனம் முதலில் அமீபாவை நோக்கித்தான் போகும். சர்க்கரை நோய், பித்தநாளக் கல், அறுபதை ஒட்டிய வயது, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள், மஞ்சள் காமாலை ஆகியவை பாக்டீரியாவின் பக்கம் சாய்க்கும். ஆயினும் ஒவ்வொரு அடையாளமும் மறுபக்கத்திலும் காணக் கிடைப்பதால், நோயாளியின் தோற்றத்தைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. அமீபாவுக்கான எதிர்பொருள் பரிசோதனை உதவும்; ஆனால் அமீபா பரவலாக உள்ள ஊரில் பழைய தொற்றினாலும் அது நேர்மறையாக வரக்கூடும். இல்லையென்று வந்தால்தான் அதன் சொல்லுக்கு எடை அதிகம்.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சிக்கலன்று. அமீபாக் கட்டி என்றால் மெட்ரோனிடசோல் ஒன்றே பெரும்பாலும் போதும். மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும், ஊசிகூடத் தேவைப்படாமல் போகலாம். பாக்டீரியாக் கட்டியில், அதிலும் பெரிய கட்டியில், சீழை வெளியேற்றாமல் மருந்தை மட்டும் நம்பியிருப்பது நாளைக் கடத்துவதாகும். விடை வரும்வரை இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தொடங்குவது முறை. பாக்டீரியாவுக்கு செஃப்ட்ரையாக்சோனோ பிப்பராசிலின்–டாசோபாக்டமோ கொடுப்பார்கள். கூடவே கொடுக்கும் மெட்ரோனிடசோல், அமீபாவையும் கவனித்துக்கொள்ளும், காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்களையும் கவனித்துக்கொள்ளும். அமீபா என்று உறுதியானால், கட்டி ஆறிய பின்னும் குடலில் ஒட்டியிருக்கும் கிருமியை அழிக்க டைலாக்ஸனைடு போன்ற மாத்திரை ஒரு சுற்றுத் தேவை. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அடிக்கடி விடுபட்டுப் போகும் வரி இதுதான்.

ஸ்கேன்களில் எதை நம்புவது? அல்ட்ராசவுண்ட் மலிவானது, படுக்கையருகிலேயே செய்யலாம், கதிர்வீச்சு இல்லை, பித்தப்பைக் கல்லையும் விரிந்த பித்தநாளத்தையும் நன்றாகவே காட்டும். அதில் கிடைக்கும் இன்னொரு பயன் பலருக்குத் தெரிவதில்லை: ஜெல் தடவிய கருவியால் விலா இடுக்கில் இலேசாக அழுத்தும்போது, உள்ளே உள்ள துகள்கள் சுழன்று நகர்கின்றனவா, அசையாமல் கிடக்கின்றனவா என்று பார்த்துக் கட்டி நீர்த்திருக்கிறதா, அதாவது உள்ளே சீழாக உருகியிருக்கிறதா, என ஊகிக்கலாம். சி.டி. அசையாப் படம்; அதில் இது தெரியாது. மறுபுறம், உதரவிதானத்தை ஒட்டிய மேற்பகுதிக் கட்டிகளும், சீழாக மாறாத தொடக்கநிலைக் கட்டிகளும், கொழுப்பேறிய கல்லீரலில் உள்ள சிறு கட்டிகளும் அல்ட்ராசவுண்டுக்குத் தப்பிவிடும். சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. இவற்றைக் காட்டுவதோடு, குடல்வால், பெருங்குடல், வாயிற்சிரை என்று நோயின் ஊற்றுக்கண்ணையும் சேர்த்துக் காட்டும். கட்டிக்குள் காற்று இருந்தால் அதையும் அதுவே தெளிவாகச் சொல்லும்.

ஆகவே தொடக்கத்துக்கு அல்ட்ராசவுண்ட், ஒருமுறையேனும் சி.டி. என்பதே சரியான வரிசை. சிறுநீரகச் செயல் குறைந்ததைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கும் சர்க்கரை நோயாளிக்குச் சாயத்தால் சிறுநீரகம் பாதிக்குமோ என்ற தயக்கம் நியாயமானது. அந்த நிலையில் அல்ட்ராசவுண்டைக் கொண்டே சீழை எடுத்துவிட்டு, உடல் தேறியபின் சி.டி. எடுக்கலாம். சி.டி.க்குத் தேதி கிடைக்கவில்லை என்பதற்காகக் சீழை வடிக்கும் குழாயைத் தள்ளிப்போடுவதை மட்டும் ஏற்க இயலாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஆடு, நாய் வழியாக வரும் நாடாப்புழுவின் நீர்க்கட்டியாக இருக்கலாம் என்ற ஐயம் படத்தில் எழுந்தால், அதைத் தெளிவுபடுத்தாமல் குத்தக் கூடாது. உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் கசிந்தால் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். இதேபோல், கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவின் கட்டி திடப்பொருள்போலத் தோன்றிப் புற்றுநோய் என்று எண்ணவைப்பதும், உள்ளே அழுகிய புற்றுநோய் சீழ்க்கட்டியைப்போல் தோன்றுவதும் உண்டு.

மருந்தின் முதல் சொட்டு ஏறுமுன் ரத்தக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனைக்கான ரத்தம், எடுக்க வேண்டும்: இரு வேறு இடங்களில் குத்தி, ஒவ்வோரிடத்துக்கும் இரண்டு புட்டிகள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் இதில் கிருமி வளரும். சீழில் அதைவிட அதிகம் வளரும். நடைமுறையில், நம் நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போடப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் எதுவும் வளராது, சீழிலும் வளர்ச்சி குறைந்துவிடும். சற்று முன்கூட்டி மருந்து கொடுத்ததால் கிடைத்த ஆதாயம், அடுத்த ஆறு வாரமும் எந்தக் கிருமிக்கு மருந்து கொடுக்கிறோம் என்று தெரியாமல் திண்டாடும்போது கரைந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கு மருந்து முந்தியாக வேண்டும். அப்போதும் கல்ச்சர் புட்டியில் ரத்தம் பிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

மருந்து மட்டும் என்ற வழி யாருக்குப் பொருந்தும்? 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கும், குழாய் வைக்க இடமில்லாதபடி கல்லீரல் முழுதும் சிதறிய சிறு கட்டிகளுக்கும், இன்னும் நீர்க்காத கட்டிகளுக்கும் பொருந்தும். 3 முதல் 5 செ.மீ. வரை மருந்தோடு ஒருமுறை ஊசியால் உறிஞ்சிவிடுவது நல்லது. காரணம் அளவன்று, ஆய்வகத்துக்கு அனுப்பச் சீழ் கிடைக்கிறதே, அதுதான். சிறிய கட்டி என்று குத்தாமல் விட்டு, ஊகத்தில் மருந்து கொடுத்து, பத்தாம் நாளும் காய்ச்சல் விடாதபோது கையில் கல்ச்சர் அறிக்கை இல்லாமல் நிற்பது இந்த நோயில் அடிக்கடி காணும் இக்கட்டு.

ஒப்பீட்டின் மையம் ஊசிக்கும் குழாய்க்கும் இடையில்தான் இருக்கிறது. இதில் நமக்கு நேரடியான சோதனைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. 1998-இல் வெளிவந்த சண்டிகர் ஆய்வில் 50 நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஊசியால் ஒருமுறையோ இருமுறையோ உறிஞ்சப்பட்ட 25 பேரில் 15 பேர் குணமானார்கள். குழாய் வைக்கப்பட்ட 25 பேரும் குணமானார்கள். 2007-இல் போஸ்னியாவில் 60 பேரிடம் நடந்த ஆய்விலும் ஊசியில் 30-க்கு 20, குழாயில் 30-க்கு 30. இடையே 2004-இல் ஹாங்காங்கில் 64 பேரிடம் செய்த ஆய்வு மட்டும் மாறாகப் பேசியது: விட்டுவிட்டு ஊசியால் உறிஞ்சுவதும் குழாய்க்கு ஏறக்குறைய நிகரான பலன் தருகிறது என்றது. 2015-இல் இத்தகைய ஐந்து சோதனைகளில் இருந்த 306 பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, வெற்றி விகிதம் குழாயில் 96.1 விழுக்காடு, ஊசியில் 77.8 விழுக்காடு என்று வந்தது.

இந்த எண்களைப் பார்த்துக் குழாய்க்கே வாக்களித்துவிடத் தோன்றும். ஆனால் ஊசி தோற்றது என்பதன் பொருளைக் கவனிக்க வேண்டும். சண்டிகரில் இரண்டு முறைக்குள் கட்டி ஆறாவிட்டால் அது தோல்வி. தேவைப்படும்போதெல்லாம் திரும்பக் குத்தலாம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. ஆகவே உண்மையான கேள்வி எது வலிமையான கருவி என்பதன்று, மூன்றாம் முறையும் குத்திக்கொள்ள நோயாளி இசைவாரா, மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கும் வசதி அந்த ஊரில் இருக்கிறதா என்பதே. போஸ்னிய ஆய்வாளர்களும் 5 செ.மீ.க்கு உட்பட்ட, உள்ளே தடுப்பில்லாத கட்டிக்கு ஊசி ஏற்ற மாற்று என்றே முடித்தார்கள். அதற்கு மேற்பட்டால் குழாய்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குழாயோடு வாழ்வது எப்படி என்பதை ஆய்வறிக்கைகள் சொல்வதில்லை. மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள, நுனி பன்றிவால்போலச் சுருண்ட குழாய் அது. விலா இடுக்கில் தோலை மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கி, அதன் வழியே மெல்லிய கம்பி செலுத்தி, கம்பியின் மேல் குழாயை ஓட்டுவார்கள். முதலில் வெளிவருவதை ஒரு சிரிஞ்சில் தனியே எடுத்து வைக்க வேண்டும். காப்பிக்கொட்டை நிறத்தில் நாற்றமில்லாமல் கூழாக வந்தால் அமீபா நினைவுக்கு வரும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்ட நாற்றத்துடன் வந்தால் குடல் பாக்டீரியா. அந்தச் சிரிஞ்சிலிருந்து, காற்றுள்ள சூழலுக்கும் காற்றில்லாச் சூழலுக்கும் உரிய புட்டிகளில் அப்போதே ஊற்றிவிட வேண்டும். பையில் இரவு முழுதும் தேங்கிய சீழை மறுநாள் காலையில் ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் வளர்வது பெரும்பாலும் தோலிலும் குழாயிலும் குடியேறிய கிருமிகள். அந்த அறிக்கையை வைத்து மருந்து மாற்றுவது தவறான வழியில் கூட்டிப்போகும்.

பிறகு பத்து நாளோ இரண்டு வாரமோ நோயாளி வலது பக்கம் புரண்டு படுக்க முடியாது. சட்டை மாட்டும்போது தையல் இழுக்கும். நாள்தோறும் சுத்தமான உப்புநீரைச் செலுத்தி அடைப்பில்லாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால், பிசுபிசுத்த சீழ் உள்ளே உறைந்து குழாயை அடைத்துவிடும். ‘இன்று பையில் ஒன்றும் வரவில்லை’ என்பது நற்செய்தியாகவும் இருக்கலாம், குழாய் அடைபட்டதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். காய்ச்சலும் ஸ்கேனும் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாளொன்றுக்கு 10 மில்லிக்கும் குறைவாக வடிந்து, காய்ச்சலும் விட்டு, குழியும் சுருங்கியிருந்தால் குழாயை எடுக்கலாம். ஊசி வழியில் இந்தத் தொல்லை ஏதுமில்லை, செலவும் குறைவு. 4.5 செ.மீ. கட்டியுள்ள, ஆறு நாளில் வேலைக்குப் போயாக வேண்டிய தினக்கூலிக்காரருக்கு ஊசியைப் பரிந்துரைப்பதில் தவறில்லை.

அறுவையின் இடம் இன்று சுருங்கிவிட்டது, ஆனால் மறையவில்லை. கட்டி வயிற்றுக்குள் உடைந்து சீழ் பரவியவருக்கும், குழாய் வைத்தும் நாலைந்து நாளில் தணியாதவருக்கும், எப்படியும் அறுவை செய்ய வேண்டிய நோய் கூடவே இருப்பவருக்கும் கத்திதான் வழி. உள்ளே பல அறைகளாகத் தடுப்புள்ள பெரிய கட்டிகளில், அறுவை ஒரே முறையில் வேலையை முடித்துவிடுகிறது என்று சிங்கப்பூர் மருத்துவர்கள் 2005-இல் எழுதினார்கள். இப்போது வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப்பி மூலமாகவே தடுப்புகளை உடைத்துவிடலாம். எனினும் ‘தடுப்பு இருக்கிறது’ என்று ஸ்கேன் அறிக்கையில் கண்டவுடன் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. அந்தத் தடுப்புகளில் பல ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஒரு குழாயோ, சில வேளை இரண்டோ, எல்லா அறைகளையும் வடித்துவிடும்.

பித்தநாளத்தில் கல் அடைத்ததால் வந்த கட்டியின் கதை வேறு. அங்கே எண்டோஸ்கோப்பி வழியாக நாளத்தைத் திறந்து கல்லை எடுப்பதோ நாளத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் வைப்பதோதான் முதன்மைச் சிகிச்சை. அதைச் செய்யாமல் கட்டியை மட்டும் வடிப்பது, கூரை ஒழுக்கை அடைக்காமல் கூடத்து நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

மீதமிருப்பது மருந்தைச் சிரையில் ஏற்றுவதா, மாத்திரையாகக் கொடுப்பதா என்ற விவாதம். மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம் மருந்து தேவை என்பது வழக்கம். முதல் இரண்டு வாரமாவது ஊசியாகவே போக வேண்டும் என்பது பழைய விதி. கிளெப்சியெல்லாக் கட்டியுள்ள 152 பேரைக் கொண்டு சிங்கப்பூரில் 2013 முதல் 2017 வரை இதைச் சோதித்தார்கள். ஏறக்குறைய ஐந்து நாள் ஊசி மருந்துக்குப் பிறகு ஒரு பாதியினருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை, மறுபாதியினருக்கு செஃப்ட்ரையாக்சோன் ஊசி; குணமானவர்கள் மாத்திரையில் 95.9 விழுக்காடு, ஊசியில் 92.3 விழுக்காடு. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நோயாளியை விடுவிக்கும் முடிவு இது.

அதை அப்படியே சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுவர முடியுமா என்றால், தயங்குகிறேன். இந்திய மருத்துவமனைகளில் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா, கிளெப்சியெல்லா இரண்டிலும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அசையாத வகைகள் மிகுதி. செஃப்ட்ரையாக்சோனைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பவையும் நிறைய. கல்ச்சர் அறிக்கை ‘இம்மருந்துக்குக் கட்டுப்படும்’ என்று எழுதினால் ஐந்து நாளில் மாத்திரைக்கு மாறுவதில் எனக்குத் தடையில்லை. கல்ச்சரே இல்லாதவருக்குச் சிங்கப்பூரைக் காட்டி மாத்திரை கொடுத்தனுப்புவது சூதாட்டம். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் அந்த வகை மாத்திரை அதையும் பாதி அடக்கி மறைத்துவிடும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

கிருமியின் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1980-களில் தைவானில் முதலில் கவனிக்கப்பட்ட வீரியமிக்க கிளெப்சியெல்லா, சர்க்கரை நோயாளிகளின் கல்லீரலில் கட்டியை உண்டாக்குவதோடு ரத்தத்தில் ஏறிக் கண்ணையும் மூளையுறையையும் தாக்கும். ஆய்வகத் தட்டில் வளர்ந்த அதன் கூட்டத்தை வளையக் கம்பியால் தொட்டு இழுத்தால், 5 மில்லிமீட்டருக்கு மேல் நூலாக நீளும். இந்தக் கட்டியுள்ளவருக்குக் கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். மறுநாள் என்றால் பார்வை போயிருக்கலாம். இன்னொன்று, மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள இதுவும் சர்க்கரை நோயாளிகளையே தேடி வரும். தேன்கூடுபோல் சிற்றறைகள் நெருங்கிய கட்டியை உண்டாக்கும். செஃப்ட்ரையாக்சோன் இதற்குப் போதாது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ வாரக்கணக்கில் ஏற்றி, அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது தொடர வேண்டும். ஆறு வாரத்தில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும். இவற்றுள் எதையும் 6.5 செ.மீ. என்ற எண் சொல்லித் தராது.

நம் நோயாளிக்கு வருவோம். 6.5 செ.மீ., நீர்த்த கட்டி, பித்தநாளம் விரியவில்லை. ரத்தக் கல்ச்சர் எடுத்து, செஃப்ட்ரையாக்சோன் 2 கிராமும் மெட்ரோனிடசோலும் தொடங்கி, இன்சுலினால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அன்று மாலைக்குள் குழாய் வைப்பதே என் தேர்வு. மருந்து மட்டும் என்பது இவருக்குப் போதாது. ஊசியானால், இரண்டாம் மூன்றாம் முறையும் குத்த வேண்டிவரும் அளவுள்ள கட்டி இது. அறுவைக்குக் காரணம் இல்லை. மூன்றாம் நாள் கல்ச்சரில் கிளெப்சியெல்லா வளர்ந்து, சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படும் என்று வந்தால், குழாய் எடுத்தபின் மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்பலாம். மெட்ரோனிடசோலை அமீபாப் பரிசோதனையின் விடையைப் பார்த்து நிறுத்தலாம். ஆறாவது வாரம் ஸ்கேன் செய்தால் 2 செ.மீ. குழி இன்னும் தெரியும். குழி முழுதும் மூட மாதங்கள் ஆகும் என்பதால், காய்ச்சல் இல்லாமல் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இயல்புக்கு வந்திருந்தால் அதை வைத்து மருந்தை நீட்டிக்க வேண்டியதில்லை. பித்தநாளத்தில் குறையில்லாமல் கிளெப்சியெல்லா கல்லீரலுக்கு வந்த இந்த வயதுக்காரருக்குப் பெருங்குடலில் புற்று மறைந்திருக்கக்கூடும் என்பதால், மருந்துச் சீட்டின் கடைசி வரியில் பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கான தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.